துவக்கத்தில் எஸ்டி கார்டு சில வேளை மவுண்ட் ஆவதில்லை, கையால் செய்தால் உடனே ஆகிறது (பிஸிபாக்ஸ் இனிட்)

பலகைப்பணி:

வணக்கம். ஆர்ம் செயலி கொண்ட ஒரு பலகையில், பில்ட்ரூட் என்ற கட்டுமானக் கருவி கொண்டு கட்டிய லினக்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கெர்னலுக்கு அடுத்து முதலில் ஓடும் நிரலான இனிட்டாக இருப்பது பிஸிபாக்ஸ். ரூட் கோப்பு முறைமை பலகையிலேயே உள்ள 256 எம்பி நேண்ட் ஃபிளாஷில், யூபிஐஎஃப்எஸ் என்ற ஃபிளாஷ் கோப்பு முறைமை வடிவில், எழுதக்கூடியதாக இருக்கிறது. அளவீட்டுப் பதிவுகள் சேரும் தரவுத்தளம் நாளடைவில் பெரிதாகிவிடும் என்பதால், அதை மட்டும் எஸ்டி கார்டில் ஓர் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் வைத்து, '/டேட்டா' என்ற அடைவில் மவுண்ட் செய்கிறேன், அதாவது இணைக்கிறேன். இது தவிர, அறிக்கைகளை நகலெடுத்துச் செல்ல யாராவது யூஎஸ்பி ஸ்டிக்கைச் செருகினால், அது '/மீடியா/யூஎஸ்பி' என்ற அடைவில் தானாக வந்து நிற்க வேண்டும்.

இரண்டுக்கும், மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒவ்வொரு வரி எழுதியிருக்கிறேன். எஸ்டி கார்டுக்கான வரியில் சாதனப் பெயராக 'எம்எம்சிபிஎல்கே0பி1', வகையாக 'இஎக்ஸ்டி4', விருப்பங்களாக 'டீஃபால்ட்ஸ்', கடைசி இரண்டு புலங்களில் 0, 2 என்று இருக்கிறது. யூஎஸ்பிக்கான வரியில் 'எஸ்டிஏ1', 'விஃபேட்' என்று இருக்கிறது.

பலகையை இயக்கி, சீரியல் கன்சோல் வழியாக உள்நுழைந்து, பட்டியலில் உள்ள அனைத்தையும் மவுண்ட் செய்யும் 'மவுண்ட் -ஏ' கட்டளையைத் தட்டினால் இரண்டும் ஒரு முணுமுணுப்பும் இன்றி மவுண்ட் ஆகின்றன. ஆனால் துவக்கத்தின்போது, யூஎஸ்பி ஸ்டிக் ஏற்கெனவே செருகியிருந்தாலும் ஒருபோதும் மவுண்ட் ஆவதில்லை. எஸ்டி கார்டோ பெரும்பாலும் ஆகிறது, சில வேளை ஆவதில்லை. ஆகாத வேளைகளில் கன்சோலில் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்ற பிழைச் செய்தி மட்டும் தெரிகிறது. '/டேட்டா' அடைவு இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது.

இதைவிடக் குழப்பமான இன்னொன்றும் உண்டு. சில துவக்கங்களுக்குப் பிறகு தரவுத்தளம் வெறுமையாகக் காட்சியளிக்கிறது. மறுபடி இயக்கினால் பழைய பதிவுகள் திரும்பிவிடுகின்றன, ஆனால் இடையில் சேர்ந்தவற்றைக் காணவில்லை. கார்டு கெட்டுவிட்டதோ என்று வேறு கார்டு போட்டும் பார்த்தாயிற்று, நிலைமை மாறவில்லை.

துவக்க ஸ்கிரிப்டில் 'ஸ்லீப் 5' என்று சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும் என்று உடன் பணியாற்றும் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் கெர்னல் கட்டளை வரியில் 'ரூட்வெயிட்' சேர்க்கச் சொல்கிறார். எது முறையான வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றி.


கன்சோல்காரர்:

வணக்கம் நண்பரே. கையால் செய்தால் ஆகிறது, துவக்கத்தில் ஆவதில்லை என்றால், எஃப்எஸ்டேப் வரிகளைச் சந்தேகிப்பதை அத்துடன் விட்டுவிடலாம். வரி தவறாக இருந்தால் கையால் செய்தாலும் ஆகியிருக்காது. இரண்டுக்கும் இடையே மாறியிருப்பது நேரம் ஒன்றுதான்.

எஃப்எஸ்டேப் என்பது வெறும் பட்டியல். கெர்னல் அதை ஒருபோதும் படிப்பதில்லை. ரூட்டை மட்டும் கெர்னல் தன் கட்டளை வரியிலுள்ள 'ரூட்=' என்ற குறிப்பைக் கொண்டு தானே மவுண்ட் செய்துகொள்கிறது; மற்றவை எல்லாம், பயனர்வெளியில் (கெர்னலுக்கு வெளியே) ஏதாவது ஒரு நிரல் அந்தப் பட்டியலைத் திறந்து படித்தால்தான் நடக்கும். பிஸிபாக்ஸ் இனிட்கூட அதைத் தானாகப் படிப்பதில்லை. பில்ட்ரூட் வழக்கமாகத் தரும், இனிட்டுக்கான வேலைப்பட்டியலான இனிட்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள். முதலில் ப்ராக் மவுண்ட் ஆகிறது, பிறகு ரூட் எழுதக்கூடியதாக மறுமவுண்ட் ஆகிறது, பிறகு ஓரிரு அடைவுகள் உருவாகின்றன, அதற்கடுத்த வரியிலேயே 'மவுண்ட் -ஏ' நிற்கிறது. 'ஆர்சிஎஸ்' ஸ்கிரிப்டும் அதன் வழியாக ஓடும் 'எஸ்' வரிசை ஸ்கிரிப்டுகளும் இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வருகின்றன. ஆக, உங்கள் 'மவுண்ட் -ஏ' இனிட் கண்விழித்த கணத்திலேயே ஒரே ஒரு முறை ஓடுகிறது. அந்தக் கணத்தில் சாதனம் இல்லை என்றால், இல்லைதான்; அது காத்திருப்பதும் இல்லை, மீண்டும் முயல்வதும் இல்லை.

அந்தக் கணத்தில் சாதனம் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. உங்கள் ரூட் நேண்டில் இருக்கிறது. அதைக் கெர்னல் கண்டறிந்து, ஃபிளாஷை நிர்வகிக்கும் யூபிஐ அடுக்கை இணைத்து, ரூட்டை மவுண்ட் செய்தவுடன் இனிட்டைத் தொடங்கிவிடும். எஸ்டி கார்டைக் கண்டறிவது தனியொரு வேலை வரிசையில், பின்னணியில் நடக்கிறது. கார்டு செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மின்னழுத்தத்தை ஒத்துக்கொண்டு, வேகத்தை நிர்ணயித்து, பார்ட்டிஷன் அட்டவணையைப் படித்து முடித்த பிறகே 'எம்எம்சிபிஎல்கே0பி1' என்ற முனை (சாதனத்தைக் குறிக்கும் கோப்பு) '/டெவ்' அடைவில் தோன்றும். கார்டுக்குக் கார்டு இதற்கு ஆகும் நேரம் மாறும். இனிட் முந்துகிறதா, கார்டு முந்துகிறதா என்பதைப் பொறுத்தே உங்கள் 'சில வேளை' அமைகிறது. யூஎஸ்பி இன்னும் தாமதம். ஹப் விழிக்க வேண்டும், சாதனத்துக்கு முகவரி கிடைக்க வேண்டும். போதாக்குறைக்கு யூஎஸ்பி சேமிப்பு இயக்கி, சாதனத்தைக் கண்ட பிறகும் வழக்கமாக 1 விநாடி வேண்டுமென்றே பொறுத்துத்தான் அதை ஆராயத் தொடங்கும். அதனால்தான் அது ஒருபோதும் வெல்வதில்லை.

பிழைச் செய்தி உங்களைத் திசைதிருப்பியிருக்கிறது. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்பது மவுண்ட் செய்யும் அடைவு இல்லாவிட்டாலும் வரும், சாதன முனை இல்லாவிட்டாலும் வரும். எது இல்லை என்று அது சொல்வதில்லை. ஒப்புநோக்க, 'நோ சச் டிவைஸ்' என்று வந்தால், அந்தக் கோப்பு முறைமை வகையே கெர்னலுக்குத் தெரியவில்லை என்று பொருள். '/ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ்' கோப்பில் அந்த வகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' என்றால் சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் தலைப்பு விவரம்) ஒத்துவரவில்லை அல்லது விருப்பங்களில் ஏதோ ஒன்று புரியவில்லை. விஃபேட்டில் இந்தக் கடைசிச் செய்திக்கு இன்னொரு காரணமும் உண்டு: கெர்னலில் 437 என்ற குறிமுறைப் பக்கத்துக்கான ஆதரவைச் சேர்க்க மறந்திருப்பார்கள். மவுண்ட் கட்டளை அதைச் சொல்லாது, கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸெக்' பதிவில்தான் தெரியும்.

'ரூட்வெயிட்' உங்களுக்கு உதவாது. அது ரூட் சாதனம் தோன்றும்வரை கெர்னலைக் காத்திருக்கச் செய்யும் விருப்பம். உங்கள் ரூட் நேண்டில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. எஸ்டி கார்டு வந்ததா என்று அது கவலைப்படாது.

கெர்னல் பதிவில் நேர முத்திரை இடும் வசதியை இயக்கி, மவுண்ட் தவறிய ஒரு துவக்கத்தின் 'டிமெஸெக்' பதிவிலிருந்து தொடர்புடைய வரிகளைத் தாருங்கள். ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம்.


பலகைப்பணி:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. தவறிய துவக்கம் ஒன்றின் பதிவு கிடைத்தது. யூபிஐஎஃப்எஸ் ரூட் மவுண்ட் ஆன வரி 1.62 விநாடியில் இருக்கிறது. இனிட் தொடங்கியது 1.66இல். எஸ்டி கார்டு கண்டறியப்பட்ட வரி 1.83இலும், அதன் பார்ட்டிஷன் பெயர் வரும் வரி 1.85இலும் உள்ளன. யூஎஸ்பி ஸ்டிக்கின் 'எஸ்டிஏ1' தோன்றுவது 3.41இல். வெற்றி பெற்ற துவக்கம் ஒன்றில் அதே கார்டு 1.59 விநாடியிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. '/டெவ்' அடைவைக் கெர்னலின் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் நிரப்புகிறது. சாதனங்கள் வந்து போவதைக் கவனிக்கும் எம்டெவ், யூடெவ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

அப்படியானால் 'ஸ்லீப்' போதாதா? 2 விநாடி கொடுத்தால் கார்டு வந்துவிடுமே.


கன்சோல்காரர்:

போதும், இன்றைக்கு உங்கள் மேசையில் இருக்கும் கார்டுக்கு. 'ஸ்லீப்' மீது எனக்குள்ள மனக்குறை இதுதான்: கார்டு சீக்கிரம் வந்த துவக்கங்களிலும் அது முழு நேரத்தையும் விழுங்கும், கார்டு இன்னும் தாமதமாக வந்தால் அப்போதும் தோற்கும், தோற்றதை யாருக்கும் சொல்லாது. காலத்துக்காகக் காத்திருக்காமல் சாதனத்துக்காகக் காத்திருங்கள்.

என் வழக்கம் இப்படி. எஃப்எஸ்டேப்பில் உள்ள எஸ்டி கார்டு வரியை நீக்க வேண்டாம், விருப்பங்களில் 'நோஆட்டோ' என்று மட்டும் சேர்த்துவிடுங்கள். அப்போது இனிட்டேப்பில் உள்ள 'மவுண்ட் -ஏ' அதைத் தாண்டிச் செல்லும். ஆனால் 'மவுண்ட் /டேட்டா' என்று அடைவின் பெயரை மட்டும் சொன்னால், மற்ற விவரங்கள் அதே வரியிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். பிறகு 'எஸ்15டேட்டா' என்ற பெயரில் ஒரு துவக்க ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அது செய்ய வேண்டியவை: சாதன முனை தோன்றிவிட்டதா என்று ஒரு சிறு சுழற்சியில் பார்ப்பது, இல்லையெனில் நொடியில் பத்தில் ஒரு பங்கு பொறுத்து மீண்டும் பார்ப்பது, ஓர் உச்ச வரம்பு, சொல்லப்போனால் 10 விநாடி, தாண்டினால் நிறுத்திக்கொண்டு பிழையைப் பதிவு செய்வது, முனை வந்துவிட்டால் கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டி, அதன்பின் மவுண்ட் செய்வது. பிஸிபாக்ஸில் 'ஸ்லீப்' பின்ன எண்களை ஏற்க வேண்டுமானால் கட்டமைப்பில் அதற்கான விருப்பத்தை இயக்கியிருக்க வேண்டும், அல்லது 'யூஸ்லீப்' பயன்படுத்தலாம்.

எதைத் தேடுவது என்பதிலும் கவனம் தேவை. பலகையில் ஒரே ஒரு எஸ்டி இடமுகம் இருக்கும்வரை 'எம்எம்சிபிஎல்கே0பி1' என்ற பெயர் மாறாது. நாளை ஒரு இஎம்எம்சி சேமிப்புச் சில்லும் உடன் சேர்ந்தால், எது 0, எது 1 என்பது கெர்னல் எதை முதலில் கண்டதோ அதைப் பொறுத்துவிடும். 5.10 முதலான கெர்னல்களில் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் அலையஸ் பகுதியில் 'எம்எம்சி0', 'எம்எம்சி1' என்று எழுதி எண்ணை நிலைப்படுத்தலாம். அதைவிட எளியது, பார்ட்டிஷனுக்கு 'இ2லேபல்' கொண்டு ஒரு பெயர் இட்டு, எஃப்எஸ்டேப்பில் சாதனப் பெயருக்குப் பதிலாக 'லேபல்=' என்று எழுதுவது; காத்திருக்கும் சுழற்சியிலும் 'ஃபைண்ட்எஃப்எஸ்' கட்டளை அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். பிஸிபாக்ஸ் மவுண்ட் லேபலையும் யூயூஐடி என்ற அடையாள எண்ணையும் புரிந்துகொள்ளக் கட்டமைப்பில் தனி விருப்பம் உண்டு, அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லேபல் என்பது பயனர்வெளிக்கு மட்டுமே செல்லுபடியாகும் வசதி. என்றாவது ரூட்டையே எஸ்டி கார்டுக்கு மாற்றினால், கெர்னல் கட்டளை வரியில் 'ரூட்=லேபல்' என்றோ 'ரூட்=யூயூஐடி' என்றோ எழுதிப் பயனில்லை; துவக்கத்துக்கான தற்காலிக ரூட்டான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத நிலையில் கெர்னல் கோப்பு முறைமைக்குள் எட்டிப் பார்த்து அவற்றைப் படிப்பதில்லை. பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள 'பார்ட்யூயூஐடி'யை அது தானாகப் புரிந்துகொள்ளும். 'ரூட்வெயிட்' தேவைப்படுவதும் அந்த ஏற்பாட்டில்தான்.


அடியடைவு:

தரவுத்தளம் வெறுமையாகிப் பிறகு திரும்பி வருவதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் பார்வையில் மவுண்ட் தவறுவதைவிட ஆபத்தானது அதுதான்.

மவுண்ட் ஆகாதபோதும் '/டேட்டா' என்ற அடைவு ரூட்டில் இருக்கிறது, எழுதவும் முடிகிறது. உங்கள் நிரல் அங்கே தரவுத்தளக் கோப்பைத் தேடும், காணாது, புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு நிம்மதியாக வேலையைத் தொடங்கிவிடும். அன்றைய பதிவுகள் எல்லாம் நேண்டில் போய்ச் சேரும். அடுத்த துவக்கத்தில் எஸ்டி கார்டு ஒழுங்காக மவுண்ட் ஆனவுடன் அது அந்த அடைவை மூடிக்கொள்ளும். கீழே இருக்கும் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அழிந்திருக்காது. ஒரு தற்காலிக அடைவில் ரூட்டை 'மவுண்ட் -ஓ பைண்ட்' கொண்டு இன்னொரு முறை மவுண்ட் செய்து, அதற்குள் இருக்கும் 'டேட்டா' அடைவைத் திறந்து பாருங்கள். பைண்ட் மவுண்ட் மேலே ஏறியிருக்கும் கார்டை உடன் அழைத்து வராது என்பதால், மூடிக்கிடக்கும் கோப்புகள் வெளிப்படும். காணாமல் போனதாக நீங்கள் நினைத்த பதிவுகள் அங்கேயே இருக்க வேண்டும். அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகு அங்கிருந்து நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் 256 எம்பி நேண்டில் ரூட்டுக்கே இடம் இல்லாமல் போகும்.

இது மீண்டும் நேராதிருக்க இரண்டு தடுப்புகள் வேண்டும். நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், தொடங்குவதற்கு முன் 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ /டேட்டா' என்று கேட்க வேண்டும். விடை இல்லை என்றால் நிரலைத் தொடங்கவே கூடாது, அல்லது பதிவு செய்யாத முறையில் தொடங்கி, பிழை விளக்கை எரியவிட வேண்டும். இரண்டாவதாக, எஸ்டி கார்டு மவுண்ட் ஆகாத நிலையில் வெற்று '/டேட்டா' அடைவின் மீது 'சிஹெச்ஏட்டர் +ஐ' கொடுத்துவிடுங்கள். யூபிஐஎஃப்எஸ் இந்த மாற்றவியலாக் குறியை ஆதரிக்கிறது. குறி இடப்பட்ட அடைவுக்குள் ரூட் பயனரால்கூடக் கோப்பு உருவாக்க முடியாது, ஆனால் அதன் மேல் மவுண்ட் செய்வதற்குத் தடையில்லை. கார்டு மவுண்ட் ஆனால் எழுதலாம், ஆகாவிட்டால் நிரல் உரக்கப் பிழை சொல்லும். சத்தமின்றித் தவறான இடத்தில் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ரூட்டையே படிக்க மட்டும் உரியதாக வைத்துவிட்டால் இந்தத் தடுப்பு இயல்பாகவே அமைந்துவிடும். தற்காலிகக் கோப்புகளுக்கு நினைவகத்தில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ், மாற வேண்டிய அமைப்புக் கோப்புகளுக்கு எழுதக்கூடிய அடுக்கை மேலே வைக்கும் ஓவர்லே என்று பிரித்துக்கொண்டால் போதும். ஓவர்லே, 3.18 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. அதன் மேலடுக்கு அடைவும் பணி அடைவும் ஒரே கோப்பு முறைமையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். புதிதாகத் தொடங்கும் எந்தப் பலகைக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன்.


யூனிட்கோப்பு:

பிஸிபாக்ஸ் இனிட்டுக்குப் பதிலாகச் சிஸ்டம்டி பயன்படுத்துபவர்களும் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மேற்கண்ட காத்திருப்புச் சுழற்சியை நாம் எழுத வேண்டியதில்லை. எஃப்எஸ்டேப்பின் ஒவ்வொரு வரியும் துவக்கத்தில் ஒரு மவுண்ட் யூனிட்டாக மாற்றப்படுகிறது. அது அந்தச் சாதனத்துக்கான யூனிட்டைச் சார்ந்திருக்கிறது. சாதனம் தோன்றியதாக யூடெவ் அறிவித்தவுடன் மவுண்ட் நடக்கிறது.

சிக்கல் மறுமுனையில் வருகிறது. சாதனம் வரவே இல்லை என்றால் வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, அவசர நிலை முனையத்தில் போய் நின்றுவிடும். திரையோ விசைப்பலகையோ இல்லாத ஒரு பெட்டி அவசர நிலையில் நிற்பது, செத்துப்போனதற்குச் சமம். ஆகவே கழற்றக்கூடிய எந்த ஊடகத்துக்கும் 'நோஃபெயில்' என்பதையும், 'எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனால் 'நோஃபெயில்' எழுதியவுடன் வேறொன்றும் மாறிவிடுகிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. உள்ளகக் கோப்பு முறைமைகள் எல்லாம் தயார் என்று அறிவிக்கும் இலக்கு, அந்த மவுண்டுக்காக இனிக் காத்திருக்காது. உங்கள் சேவை, கார்டு மவுண்ட் ஆவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். மேலே நண்பர் விளக்கிய வெற்றுத் தரவுத்தளம் சிஸ்டம்டியிலும் அப்படியே நிகழும். சேவையின் யூனிட் கோப்பில் 'ரிக்கொயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா' என்ற ஒரு வரி இருந்தால் மவுண்ட் முடிந்த பிறகே சேவை தொடங்கும், மவுண்ட் தவறினால் சேவையும் தொடங்காது.

கேள்வி கேட்டவரின் பலகைக்கு இதற்காகவே சிஸ்டம்டிக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு கார்டுக்காக யூடெவ், டிபஸ் எல்லாவற்றையும் 256 எம்பிக்குள் இழுத்து வருவது தேவையற்ற சுமை.


கன்சோல்காரர்:

உடன்படுகிறேன். யூஎஸ்பிக்கு வருவோம். அதை எஃப்எஸ்டேப்பிலிருந்து முற்றிலும் எடுத்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் வந்து போகும் ஒன்றைத் துவக்கத்தோடு கட்டிப்போடுவதே பொருந்தாத ஏற்பாடு. துவக்கத்தில் ஏற்கெனவே செருகியிருப்பதும், பிறகு செருகப்படுவதும் ஒரே வழியாக வர வேண்டும். அதற்கு எம்டெவ் போதும்.

எம்டெவ்வின் அமைப்புக் கோப்பில், 'எஸ்டி' என்று தொடங்கி ஓர் எழுத்தும் அதன்பின் எண்ணும் கொண்ட பெயர்களுக்கு ஒரு விதி எழுதி, விதியின் கடைசியில் நட்சத்திரக் குறியிட்டு உங்கள் ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுங்கள். நட்சத்திரக் குறி என்றால் சாதனம் வரும்போதும் போகும்போதும் ஸ்கிரிப்ட் ஓடும். 'ஆக்ஷன்' என்ற சூழல் மாறியில் வந்ததா போனதா என்பதும், 'எம்டெவ்' என்ற மாறியில் சாதனப் பெயரும் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும். வந்தால் மவுண்ட், போனால் 'அன்மவுண்ட் -எல்', ஏனென்றால் ஸ்டிக்கை ஏற்கெனவே உருவியிருப்பார்கள், வழக்கமான அன்மவுண்ட் அந்த நேரத்தில் பிடிவாதம் பிடிக்கும். துவக்கத்தில் 'எம்டெவ் -எஸ்' ஓடும்போது, அதற்கு முன்பே வந்துவிட்ட சாதனங்களுக்கும் இதே விதி செயல்படும். அதன் பிறகு வருபவற்றைப் பிடிக்க, புதிய பிஸிபாக்ஸில் எம்டெவ்வைப் பின்னணிச் சேவையாக ஓட்டும் '-டி' விருப்பம் இருக்கிறது. பழையதில் '/ப்ராக்/சிஸ்/கெர்னல்/ஹாட்ப்ளக்' கோப்பில் எம்டெவ்வின் பாதையை எழுத வேண்டும்.

விஃபேட் ஸ்டிக்கைச் சொல்லாமல் உருவிவிடுவார்கள் என்று பயந்து 'சிங்க்' விருப்பத்தோடு மவுண்ட் செய்யும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் ஒதுக்கீட்டு அட்டவணை உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதால் நகலெடுப்பது ஆமை வேகத்தில் நடக்கும், ஸ்டிக்கின் ஆயுளும் குறையும். விஃபேட்டுக்கென்றே 'ஃபிளஷ்' என்ற விருப்பம் இருக்கிறது. அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஊடகத்துக்கு எழுதிவிட முயலும், ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்திவைக்காது.


அடியடைவு:

எஃப்எஸ்சிகே பற்றிக் கன்சோல்காரர் ஒரு வரியில் கடந்துவிட்டார், அதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

எஃப்எஸ்டேப்பின் ஆறாவது புலத்தில் 2 என்று எழுதினால் தானாகச் சோதனை நடக்கும் என்று நம்ப வேண்டாம். எஃப்எஸ்சிகே என்ற நிரலை '-ஏ' விருப்பத்துடன் யாராவது ஓட்டினால்தான் அந்தப் புலத்துக்குப் பொருள் உண்டு. 'மவுண்ட் -ஏ' அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே உங்கள் 'எஸ்15டேட்டா' ஸ்கிரிப்டிலேயே 'இ2எஃப்எஸ்சிகே -பி' என்று ஓட்டி, அது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் பிழையில்லை. 1 என்றால் பிழை இருந்தது, திருத்தப்பட்டுவிட்டது. இதைத் தோல்வியாகக் கருதி மவுண்டைக் கைவிடும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 2 வந்தால் மறுதுவக்கம் வேண்டும், 4 வந்தால் திருத்தப்படாத பிழை மீதமிருக்கிறது. இவை பிட்டுகளாகக் கூடி வரக்கூடியவை என்பதால், 4 அல்லது அதற்கு மேல் என்று ஒப்பிடுவதே எளிது.

மற்றொன்று கடிகாரம். மின்கலத்துடன் கூடிய நிகழ்நேரக் கடிகாரம் உங்கள் பலகையில் இல்லையென்றால், ஒவ்வொரு துவக்கத்திலும் நேரம் 1970 ஜனவரி 1 என்று தொடங்கும். கார்டின் சூப்பர்பிளாக்கிலோ, சென்ற முறை வலையமைப்பிலிருந்து நேரம் பெற்றபின் எழுதப்பட்ட தேதி இருக்கும். கடைசியாக மவுண்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று இ2எஃப்எஸ்சிகே குறை கூறும். அதன் அமைப்புக் கோப்பில் 'ப்ரோக்கன்_சிஸ்டம்_க்ளாக்' என்ற விருப்பத்தை இயக்கிவிட்டால், நேரத்தை நம்ப வேண்டாம் என்று அது புரிந்துகொள்ளும்.


பலகைப்பணி:

எல்லோருக்கும் நன்றி. பைண்ட் மவுண்ட் செய்து பார்த்ததில் காணாமல் போன பதிவுகள் நேண்டில் அப்படியே கிடந்தன. எடுத்து ஒன்று சேர்த்துவிட்டேன். லேபல், 'நோஆட்டோ', காத்திருக்கும் ஸ்கிரிப்ட், 'மவுண்ட்பாயிண்ட்' சோதனை, மாற்றவியலாக் குறி ஆகிய அனைத்தையும் சேர்த்தாயிற்று. கார்டே இல்லாமல் இயக்கினால் 10 விநாடிக்குப் பிறகு பிழை விளக்கு எரிகிறது, நிரல் தொடங்குவதில்லை. கார்டு இருந்தால் துவக்க நேரத்தில் கூடியிருக்கும் தாமதம் கண்ணுக்கே தெரியவில்லை. யூஎஸ்பியும் எம்டெவ் வழியாக வருகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். 'ரீபூட்' கட்டளை கொடுத்து மறுதுவக்கம் செய்தாலும், அடுத்த முறை மவுண்ட் ஆகும்போது ஜர்னல் (கோப்பு முறைமை தன் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பகுதி) மீட்கப்பட்டதாக ஒரு வரி வருகிறது. மின்சாரம் துண்டிக்கப்படாதபோது இது ஏன் வர வேண்டும்?


கன்சோல்காரர்:

இனிட்டேப்பின் 'ஷட்டவுன்' வரிகளைப் பாருங்கள். வழக்கமாக முதலில் 'ஆர்சிகே' ஸ்கிரிப்ட் ஓடி, 'எஸ்' ஸ்கிரிப்டுகளைத் தலைகீழ் வரிசையில் 'ஸ்டாப்' என்ற சொல்லோடு அழைக்கும். பிறகு 'ஸ்வாப்ஆஃப்', கடைசியில் 'அன்மவுண்ட் -ஏ -ஆர்'. உங்கள் நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் 'ஸ்டாப்' பகுதி இல்லாவிட்டாலோ, அது சமிக்ஞை அனுப்பிவிட்டு நிரல் முடியும்வரை நிற்காமல் திரும்பிவிட்டாலோ, அன்மவுண்ட் நடக்கும் நேரத்தில் தரவுத்தளக் கோப்பு இன்னும் திறந்தே இருக்கும். அப்போது அன்மவுண்ட் மறுக்கப்படும். '-ஆர்' இருப்பதால் படிக்க மட்டும் உரியதாக மாற்றவாவது முயலும், ஆனால் எழுதுவதற்காகத் திறந்த கோப்பு இருந்தால் அதுவும் மறுக்கப்படும். ஜர்னல் மூடப்படாமலே பலகை மறுதுவக்கம் ஆகிவிடும்.

நிரலின் 'ஸ்டாப்' பகுதியில் சமிக்ஞை அனுப்பிய பிறகு, அதன் செயல் எண் மறையும்வரை சில விநாடிகள் பார்த்துக் காத்திருக்கச் செய்யுங்கள். 'எஸ்15டேட்டா' ஸ்கிரிப்டுக்கும் ஒரு 'ஸ்டாப்' பகுதி எழுதி, அதில் '/டேட்டா'வை அன்மவுண்ட் செய்துவிடுங்கள். 15 என்ற எண் சிறியது என்பதால் தலைகீழ் வரிசையில் உங்கள் நிரல் நின்ற பிறகே அதன் முறை வரும். அப்படியும் மறுத்தால், அந்த இடத்தில் 'ஃப்யூசர் -எம் /டேட்டா' ஓட்டி, கார்டைப் பிடித்திருக்கும் செயல் எண்ணைக் கன்சோலில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதிவுகளை எழுதும் 'சிஸ்லாக்டி' அங்கே ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்.